புகைபோக்கி வழியே போகும் சம்பளம்

நாயாற்றுக் கரையில் காயும் மீனுக்கும் மலையகத்துத் தேயிலை ஸ்டோரில் ஓடும் டிரையருக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் போகும் வீதியில் அளம்பில், செம்மலை தாண்டினால் நாயாற்றுப் பாலம் வரும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். கரையில் வாடிகள், வள்ளங்கள், பழைய வலைத் துண்டுகளில் பரப்பிய கருவாடு. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு தேயிலைச் செடி இல்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே வேலைதான். ஈரமான பொருளிலிருந்து தண்ணீரை வெளியேற்றுகிறோம், பழுதாகாமல் பாதுகாக்கிறோம், தூரத்து ஊருக்கு விற்க அனுப்புகிறோம். அந்தத் தண்ணீரை விரட்ட ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது, அதில் மிச்சம் பிடித்தால் யார் பைக்குப் போகிறது என்பதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

ஆட்கள் வழியாகவும் சம்பந்தம் உண்டு. 1958, 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட நமது ஆட்கள் பெருந்தொகையாக வன்னிக்குத்தான் போனார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டி, கிணறு தோண்டிக் குடியேறினார்கள். நாயாற்றுக்கு உட்புறமாக, மணலாற்றுப் பக்கம் இருந்த கென்ட், டொலர் பண்ணைகளில் 1977க்குப் பின் குடியேறிய மலையகக் குடும்பங்கள் 1984இல் அங்கிருந்தும் எழுப்பப்பட்டன. அதே ஆண்டு இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு மக்களும் ஊரை விட்டு ஓடினார்கள். போர் முடிந்த பிறகுதான் அவர்களால் திரும்பி வர முடிந்தது. கொழுந்து பறித்த கைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வன்னியில் மிளகாயும் கச்சானும் உளுந்தும் காயப் போடுகிறார்கள். அவர்களையும் சேர்த்து யோசிக்காத சங்கம் பாதிச் சங்கம்தான்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 2ஆம் திகதி, உலக தெங்கு தினத்தன்று, புதுக்குடியிருப்பில் வைத்து வடக்குத் தென்னை முக்கோணத் திட்டத்தை ஜனாதிபதி ஆரம்பித்து வைத்தார். தென்னை வந்தால் தேங்காய் வரும். தேங்காய் வந்தால் கொப்பரா வாடியும் துருவல் ஆலையும் வரும். அங்கெல்லாம் நெருப்பும் வெப்பக் காற்றும் வரும், அவற்றுக்கு முன்னால் நின்று வேலை செய்யக் கூலியாட்கள் வருவார்கள். தேயிலை வந்தபோது நம் பாட்டன்மாருக்குக் கேள்வி கேட்க வழி இருக்கவில்லை. வடக்கில் தென்னை வளர்ந்து காய்க்க இன்னும் வருடங்கள் இருக்கின்றன. கேட்க வேண்டியதை இப்போதே கேட்கலாம்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். காய வைப்பது என்றால் சூடு காட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. உண்மையில் ஈரத்தை எடுத்துக்கொண்டு போவது காற்று. ஈரம் நிறைந்த காற்று வயிறு நிறைந்தவனைப் போல, இனி வேண்டாம் என்று சொல்லிவிடும். அதே காற்றைச் சூடாக்கினால் அதற்கு மறுபடி பசி எடுக்கிறது. கடற்கரையில் 30 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 80 வீதம் உள்ள காற்றை 45 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 35 வீதத்துக்கு இறங்கிவிடும். வெறும் 15 பாகை கூட்டியதற்கே இந்த மாற்றம். இதை வாசிக்கும் பலர் வாழ்நாள் முழுதும் டிரையர் வாயில் நின்றவர்கள், அவர்களுக்கு நாம் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் டிரையருக்குப் பின்னால் இருக்கும் கணக்கை எந்த டீமேக்கரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

கணக்கு இதுதான். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 4.6 கிலோ பச்சைக் கொழுந்து தேவை. மிச்சம் எல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு கொழுந்து வாட்டும் தொட்டியிலேயே, பெரும்பாலும் விசிறிக் காற்றிலேயே, போய்விடுகிறது. அரைத்துப் புளிக்க வைத்த கொழுந்து டிரையருக்குப் போகும்போது அதில் பாதிக்குச் சற்று மேல் தண்ணீர் இருக்கும். வெளியே வரும்போது 3 வீதம் அளவில் இருக்கும். அதாவது ஒரு கிலோ தூளுக்காக டிரையர் விரட்டுவது ஏறத்தாழ 1.2 கிலோ தண்ணீரை. அவ்வளவு தண்ணீரை ஆவியாக்கத் தேவையான வெப்பம் நன்றாகக் காய்ந்த விறகு கால் கிலோவுக்குள் இருக்கிறது. நமது ஸ்டோர்களில் எரிவதோ ஒரு கிலோ தூளுக்கு ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ விறகு. மோசமான இடங்களில் அதற்கும் மேலே.

கால் கிலோவில் முடித்துக் காட்டு என்று யாரும் எந்த நிர்வாகத்தையும் கேட்கப் போவதில்லை. அது எந்த மெஷினாலும் முடியாது. காற்று சூடாகத்தான் வெளியே போக வேண்டும், இரும்பு சூடாகத்தான் செய்யும், மழை நாளில் கொழுந்து வாட்டவும் வெப்பம் எடுப்பார்கள். ஆனால் கால் கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தில் கிடப்பது பணம்.

இதைச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 மே மாதம் 1,700 ரூபா என்று அறிவித்தபோது மறுபடியும் நீதிமன்றம் போக, அது நின்றுபோய், செப்டம்பரில் 1,350 ரூபாவில் வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம் ஒன்றுதான்: உற்பத்திச் செலவு தாங்காது, செலவில் பெரும்பங்கு கூலிதான். பேச்சுவார்த்தை மேசையில் நமது சம்பளத்தைச் சதம் சதமாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ விறகு, எத்தனை அலகு மின்சாரம் என்று யாராவது காட்டியிருக்கிறார்களா? நாம் கேட்டதுமில்லை. இனிக் கேட்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோ தூள் செய்கிற ஸ்டோர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு இரண்டு கிலோ விறகு எரிந்தால் ஒரு நாளைக்கு 2,000 கிலோ. அதை ஒன்றரைக்குக் கொண்டுவந்தால் நாளைக்கு 500 கிலோ மிச்சம், மாதத்தில் 25 நாள் ஓடினால் 12,500 கிலோ. உங்கள் தோட்டத்துக்கு வரும் விறகு கிலோ என்ன விலை என்று லொறிக்காரரிடம் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையை உங்கள் பிரிவில் வேலை செய்கிற ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பெரிய புதையல் வராது. ஆனால் 'தாங்காது' என்ற சொல்லுக்குப் பதில் சொல்ல அது போதும்.

வீண் எங்கே போகிறது என்பது ஸ்டோருக்குள் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும். முதலாவது, ஈர விறகு. நேற்று வெட்டிய றப்பர் மரத்தில் பாதி எடை தண்ணீர். அதை அப்படியே அடுப்பில் தள்ளினால் நெருப்பு முதலில் விறகை உலர்த்திவிட்டுத்தான் காற்றைச் சூடாக்க வருகிறது. பாதி ஈரமான ஒரு கிலோ விறகைவிட, 20 வீத ஈரத்துக்குக் காய்ந்த ஒரு கிலோ விறகு ஏறக்குறைய இரட்டிப்பு வெப்பம் தரும். எடைக்கு விறகு வாங்கும் தோட்டம் தண்ணீருக்கும் பணம் கொடுக்கிறது. இதற்கு வேண்டிய தொழில்நுட்பம் ஒரு கூரை, நாலு பக்கமும் காற்று வரும் கொட்டகை, சில மாதப் பொறுமை, அவ்வளவுதான். தேயிலையைக் காய வைப்பதற்கென்றே கட்டிய இடத்தில் விறகு மழையில் கிடப்பதை இன்னும் பல தோட்டங்களில் பார்க்கலாம்.

இரண்டாவது, சரியாக வாட்டாத கொழுந்து. கொழுந்து வரத்துக் கூடிய நாட்களில் அவசரப்பட்டு இறக்கிவிடுகிறார்கள். 55 வீத ஈரத்துக்குப் பதில் 60 வீத ஈரத்தோடு டிரையருக்குப் போனால், வித்தியாசம் ஐந்து என்று தோன்றும். உண்மையில் டிரையர் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் தண்ணீரை விரட்ட வேண்டியிருக்கும். விறகும் அந்த அளவுக்கு ஏறும். மறுநாள் விறகு கூடிவிட்டது என்று ஏச்சு வாங்குவது அடுப்புக்காரர்.

மூன்றாவது விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் உடம்போடு சம்பந்தப்பட்டது. வெப்பக் குழாயில் வெடிப்பு, அடுப்புக் கதவு சரியாக மூடாதது, குழாய்க்கு மேல் போர்த்த வேண்டிய காப்பு உரிந்து தொங்குவது. டிரையர் அறைக்குள் கால் வைத்தவுடன் முகத்தில் அறைகிற அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? அது தேயிலைக்குள் போயிருக்க வேண்டிய சூடு. கம்பனி காசு கொடுத்து வாங்கிய விறகின் சூடு. அது தொழிலாளியின் தோலில் வந்து இறங்குகிறது. எட்டு மணி நேரம் அங்கே நிற்கிறவர் வியர்வையாக விடுவதும் கம்பனி விறகாக இழப்பதும் ஒன்றேதான். ஆகவே அறைச் சூட்டைக் குறை என்று நாம் கேட்பது சலுகை கேட்பதல்ல. இரண்டு தரப்புக்கும் லாபமான கோரிக்கை தொழிற்சங்க வாழ்க்கையில் அடிக்கடி கிடைப்பதில்லை. கிடைக்கும்போது விட்டுவிடக் கூடாது.

நெருப்பைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று சில மேலாளர்கள் அடுப்புக்காரரை விரட்டுவார்கள். அதுவும் வீண்தான். சாதாரண சங்கிலித் தட்டு டிரையருக்குள் காற்று 90 முதல் 100 பாகை அளவில் போய், வெளியேறும்போது 50, 55 பாகையில் இருக்க வேண்டும். உள்ளே சூடு மிஞ்சினால் இலையின் மேற்பரப்பு இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். வெளியேறும் காற்றின் சூடு மிகவும் குறைந்தால் தேயிலை காயாமல் வேகும். கடைசிக் கொஞ்ச ஈரம்தான் விறகை விழுங்குவது. 3 வீதம் போதும் என்ற இடத்தில் 2 வீதம் வரை ஓட்டினால் விறகும் போகிறது, நிறையும் போகிறது.

மின்சாரத்தை விட்டுவிட முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததும், டீசல் இல்லாமல் கொழுந்து தொட்டியிலேயே சிவந்து போனதும் யாருக்கும் மறந்திருக்காது. அதன்பின் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் ஏறியது. ஸ்டோரில் மின்சாரத்தை அதிகம் குடிப்பவற்றில் முதலில் நிற்பவை கொழுந்து வாட்டும் விசிறிகள். விசிறியின் குணம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதன் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்செலவு ஏறத்தாழப் பாதியாகிறது. கொழுந்து பாதி வாடிய பிறகு முழுக் காற்று தேவையில்லை, அப்போது வேகத்தைக் குறைக்கும் கருவியைப் பூட்டினால் போதும். அது மந்திரம் அல்ல, சந்தையில் கிடைக்கிற சாமான்.

நமது உறவுகள் இருக்கும் இன்னொரு மலையிலும் இது நடந்திருக்கிறது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேற்றப்பட்டவர்களில் பலர் நீலகிரியில் தேயிலைக்கே போனார்கள். அவர்களுக்காகவே தமிழ்நாட்டு அரசு ஆரம்பித்தது இன்று டான்டீ என்று அழைக்கப்படும் அரச தேயிலைத் தோட்டக் கழகம். அந்த நீலகிரியில், குன்னூரை மையமாகக் கொண்டு, தென்னிந்தியாவின் சிறு தேயிலை ஆலைகளில் சக்தியைச் சேமிக்கும் திட்டம் ஒன்று ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஆதரவோடு, இந்தியத் தேயிலைச் சபையும் பெங்களூரு டைட் அமைப்பும் சேர்ந்து நடத்தியது. அடுப்புத் திருத்தம், விறகைச் சிறிதாக வெட்டிக் காய வைத்து எரிப்பது, மோட்டரும் விசிறியும் மாற்றுவது என்று எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று சொல்ல முடியாது. 1925இல் ஆரம்பிக்கப்பட்ட ஒரு தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் நமக்கே இருக்கிறது.

பழைய ஸ்டோர்களில் வேலை செய்தவர்கள் மெஷின்களில் 'சிரோக்கோ' என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். பெல்ஃபாஸ்ட் ஊர்க்காரரான சாமுவேல் டேவிட்சன், அசாம் பக்கத்துக் கச்சாரில் தேயிலைத் தோட்டம் பார்த்தவர், வெப்பக் காற்றால் உலர்த்தும் மெஷினைச் செய்து 1881இல் தன் ஊரில் தொழிற்சாலை தொடங்கினார். அதற்கு முன் தேயிலையைக் கரி நெருப்பின் மேல் தட்டுகளில் வைத்துத்தான் உலர்த்தினார்கள். மெஷின் வந்தது நல்லதுதான், கரிப் புகையில் வெந்தவர்கள் தப்பினார்கள். ஆனால் அதனால் மிச்சமான செலவு தொழிலாளியின் கூலியில் சேர்ந்ததாக வரலாற்றில் எங்கும் நாம் காணவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது பல ஸ்டோர்கள் எண்ணெயை விட்டு விறகுக்குத் திரும்பின. செலவு இறங்கியது, கூலி இறங்கிய இடத்திலேயே நின்றது. நமது சந்தேகம் மெஷினின் மேல் அல்ல.

இனி நாயாற்றுக்கு வருவோம். அங்கே நிலைமை தலைகீழ். மலையில் விறகை வீணாக்குகிறார்கள், கரையில் வெயிலை வீணாக்க வேண்டியிருக்கிறது. வன்னியின் உலர் வலயத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளைக்கு விழும் வெயில் ஏறத்தாழ 5 அலகு மின்சாரத்துக்குச் சமம். ஒரு அலகு மின்சாரத்தின் சூட்டைக் கொண்டு நேரடியாக ஆவியாக்கக்கூடிய தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரை கிலோதான். 100 கிலோ பழுத்த மிளகாயைச் செத்தலாக்க 75 கிலோ அளவு தண்ணீரை விரட்ட வேண்டும். மின்சாரத்தில் நேரடியாகச் சூடாக்கிச் செய்தால் குறைந்தது 50 அலகு, நடைமுறையில் அதற்கும் மேலே. அந்தச் சூடு முற்றத்தில் இலவசமாக விழுகிறது. மண்ணில் பாயைப் போட்டுப் பரப்பும்போது அதில் பெரும்பகுதி கைக்கு அகப்படாமல் போகிறது. சூடான காற்று மேலே எழும்பிப் போய்விடும், கீழே மண்ணின் ஈரம் மறுபடி ஏறும், இரவில் பனி விழும்.

போதாததற்கு மழை. வாடைக்காற்றுக் காலத்தில் முல்லைத்தீவுக் கரையில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு தூறல் போட்டால் பெண்கள்தான் ஓடுகிறார்கள், படங்கை இழுத்து மூடுகிறார்கள், மறுபடி விரிக்கிறார்கள். நாய், காகம், ஈ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதும் அவர்களே. இந்த வேலைக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் பெயர் கிடையாது. இரண்டு நாள் மழை பிடித்தால் நெத்தலி புழுக்கும், மிளகாய் கறுக்கும், கச்சான் பூஞ்சணம் பிடிக்கும். கச்சானில் பிடிக்கும் அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுதாகப் போகாதது. வியாபாரி இதெல்லாம் தெரிந்துதான் மழைக்கு முதல் நாள் வருகிறார். காய வைக்க வழியில்லாதவர் சொன்ன விலைக்குப் பச்சையாகக் கொடுத்துவிடுவார். சங்கப் பேச்சில் இதைச் சுரண்டல் என்போம். நாயாற்றில் அதற்கு 'அவசர விலை' என்று பெயர் வைத்தாலும் தப்பில்லை.

இதற்கு மாற்று இருக்கிறது. முதல் படி மிக மலிவானது: இடுப்பளவு உயரத்தில் தட்டி கட்டி, அதன் மேல் வலை விரித்துக் காய வைப்பது. கீழேயும் மேலேயும் காற்று போகும், மணல் ஒட்டாது. மீனுக்கு அளவாக உப்புப் போட்டால் காய வைக்கும் முன்பே தண்ணீரில் ஒரு பங்கு தானாக வடிந்துவிடும், அதற்கு நெருப்பும் வேண்டாம் வெயிலும் வேண்டாம். அடுத்த படி சூரியச் சுரங்க உலர்த்தி. ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தார் 1980களில் உருவாக்கி, பல வெப்ப நாடுகளில் பழம், மிளகாய், மீன் எல்லாம் காய வைக்கப் பாவிக்கப்பட்டது அது. நீளமான தட்டையான மேடை, மேலே பிளாஸ்டிக் கூரை, ஒரு பாதி கறுப்புத் தகடு, மறுபாதியில் பொருள். ஒரு முனையில் சின்ன விசிறிகள், அவற்றை ஓட்ட ஒரு சூரியப் பலகை. வெயில் ஏற ஏற விசிறி வேகமாகச் சுற்றும், வெயில் மங்கினால் அதுவும் மெதுவாகும். ஆள் நின்று பார்க்கத் தேவையில்லை. உள்ளே 15, 20 பாகை கூடினாலே காற்றுக்குப் பசி வந்துவிடும் என்று மேலே சொன்னோம். மழை நாளுக்குப் பின்பக்கத்தில் சிரட்டையோ சீமைக்கிளுவை விறகோ எரிக்கும் ஒரு சிறு அடுப்பை, புகை பொருளில் படாமல் சூடு மட்டும் போகும்படி, இணைத்துக்கொள்ளலாம்.

வடக்கின் பனாட்டு ஞாபகத்துக்கு வருகிறது. பனம்பழக் களியைப் பிழிந்து பாயில் பூசி, காயக் காய மேலே மேலே ஊற்றி, நாட்கணக்கில் வெயிலில் வைப்பது. பழத்தை உலர்த்தி விற்பது வெளிநாட்டாரிடமிருந்து கற்க வேண்டிய வித்தை அல்ல, நம் கிழவிகளிடம் இருந்தது. வீட்டுக்குத் தின்னச் செய்கிற அளவிலிருந்து கடைக்குக் கொடுக்கிற அளவுக்குப் போக முடியாமல் நின்றதற்குத் தூசியும் ஈயும் மழையும்தான் காரணம். மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் அதே கதைதான். பருவத்தில் குவிந்து கிடந்து அழுகும், பருவம் போனால் தேடினாலும் கிடைக்காது.

அப்படியானால் ஊருக்கு ஒரு உலர்த்தி கொடுத்தால் முடிந்ததா? இல்லை. வன்னியில் ஒரு கிராமத்தில் நாம் பார்த்தோம். பதாகை கட்டி, படம் பிடித்து, கையளித்த உலர்த்தி ஒன்று இரண்டாவது வருடத்தில் கோழிக் கூடாகக் கிடந்தது. விசிறி எரிந்துபோய்விட்டது. திருத்துவதற்கு யாரிடம் போவது, காசு யார் கொடுப்பது என்று கையளித்தவர்கள் எழுதி வைக்கவில்லை. கூரைப் பிளாஸ்டிக் வெயிலில் சில வருடங்களில் பொரிந்துவிடும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் மறுபடி பாய்க்கே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாய்க்குப் பழுது பார்க்கும் செலவு இல்லை.

ஆகவே நமது நிலைப்பாடு இது. உலர்த்தி தனி வீட்டுக்கு அல்ல, மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தமாக இருக்க வேண்டும். பாவிப்பவர் கிலோவுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் அது பழுது பார்க்கும் நிதியாகச் சேரும். ஊரில் இரண்டு இளைஞருக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, மோட்டரும் விசிறியும் திருத்தப் பழக்க வேண்டும். ஏக்கலையில் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் இருக்கிறது, அறுவடைக்குப் பிந்திய வேலைகளுக்கென்றே அநுராதபுரத்தில் ஓர் அரச நிறுவனம் இருக்கிறது. அநுராதபுரம் வவுனியாவுக்குப் பக்கம்தான். அந்த அறிவு நாயாற்றுக்கும் குமுளமுனைக்கும் வந்து சேர வேண்டும், அதுவும் தமிழில்.

தென்னை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் பாதி தண்ணீர். 100 கிலோ பருப்பு காய்ந்தால் 53 கிலோ அளவில் கொப்பரா. நமது நாட்டுக் கொப்பரா வாடியில் சிரட்டைகளை வரிசையாக அடுக்கி ஒரு முனையில் பற்ற வைப்பார்கள், நெருப்பு மெதுவாக ஊர்ந்து போகும். தேங்காயின் சிரட்டையே தேங்காயை உலர்த்துகிறது. இது புத்திசாலித்தனமான முறை. அதைப் பழமை என்று இகழ்கிறவர்களோடு நாம் சேர மாட்டோம். ஆனால் தட்டின் கீழே குனிந்து சிரட்டை அடுக்குகிறவரின் கண்ணும் நெஞ்சும் என்ன பாடு படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இன்று சிரட்டைக் கரிக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி. எரிக்காமல் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு சாக்குச் சிரட்டையும் காசு. வடக்கில் புதிதாகக் கட்டும் வாடிகள் புகை உள்ளே தங்காத, சூடு வெளியே கசியாத வகையில் கட்டப்பட வேண்டும் என்பதை அனுமதிக்கு முன்பே நிபந்தனையாக்கலாம். கட்டிய பிறகு கேட்டால் செலவு என்பார்கள்.

ஒரு பயமும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. சக்தியைச் சேமிக்கும் புதிய மெஷின் என்று வரும்போது நாலு பேர் செய்த வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மிச்ச மூன்று பேரை மலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று ஸ்டோர் தொழிலாளர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விறகில் மிச்சம் பிடிப்பதும் ஆளில் மிச்சம் பிடிப்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு நாம் கை கொடுப்போம், இரண்டாவதை எதிர்ப்போம். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பிரித்து எழுதச் சொல்வோம். மிச்சமான விறகுச் செலவில் ஒரு பங்கு ஸ்டோர் தொழிலாளரின் கொடுப்பனவிலும் ஒரு பங்கு நாட்சம்பளத்திலும் சேர வேண்டும் என்பது அடுத்த பேச்சுவார்த்தையில் நமது கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

அதற்கு முதலில் நமது கையில் கணக்கு வேண்டும். நிர்வாகம் தராது. ஸ்டோரில் வேலை செய்யும் ஒவ்வொரு தோழரும் ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: அன்றைக்கு எத்தனை லொறி விறகு வந்தது, காய்ந்ததா ஈரமா, எத்தனை கிலோ தூள் ஆனது, டிரையர் எத்தனை மணிக்குப் பற்ற வைத்து எத்தனை மணிக்கு நின்றது, குழாயில் எங்கே வெடிப்பு இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம், தோட்டத்தின் பெயர் போதும். வன்னித் தோழர்கள் கடந்த மாரியில் எத்தனை கிலோ கருவாடு, மிளகாய், கச்சான் மழையில் போயிற்று, என்ன விலைக்குப் பச்சையாக விற்க வேண்டி வந்தது என்று எழுதுங்கள். கொப்பியைக் கிளைத் தலைவரிடமோ மாதர் அணித் தலைவியிடமோ கொடுத்தால் அலுவலகத்துக்கு வந்து சேரும்.